டெஃப் ஜாம்: ஃபைட் ஃபார் நியூயார்க்கா, ஐகானா? எதை வாங்கலாம்?

புதுப்ளேயர் (கேள்வி)
மக்களே ஒரு டவுட். மாமா பையன் அவனோட பழைய பிஎஸ்2, பிஎஸ்3 ரெண்டையும் எனக்கே குடுத்துட்டான். டெக்கன், மார்ட்டல் காம்பாட் எல்லாம் நிறைய ஆடிருக்கேன், ஹிப்ஹாப்பும் விடாம கேப்பேன், ராப்பர் மெத்தட் மேன், ரெட்மேன்னா உயிரு, அதனால ராப்பர்களே அடிச்சுக்கற டெஃப் ஜாம் ஃபைட்டிங் கேம் சீரிஸ் ஆடியே ஆகணும்னு இருக்கு. வீடியோல பாத்தா பிஎஸ்3ல வந்த ஐகான் கிராஃபிக்ஸ் அட்டகாசமா இருக்கு, ஆனா எங்க கேட்டாலும் எல்லாரும் 2004ல பிஎஸ்2ல வந்த ஃபைட் ஃபார் நியூயார்க்கத்தான் தூக்கி வெச்சு பேசறாங்க. சின்ன வயசுல ஆடுன பாசத்துல சொல்றாங்களா, இல்ல கேமே அவ்ளோ நல்லதா? நல்ல டிஸ்க் கிடைக்கறதே கஷ்டமா இருக்கு, விலையும் ஜாஸ்தி, ஒண்ணுதான் வாங்க முடியும்.

கிராப்பிள்பிரியன்
கண்ண மூடிட்டு ஃபைட் ஃபார் நியூயார்க் வாங்குங்க ப்ரோ. பாசம்லாம் இல்ல, அதோட அடித்தளமே வேற. அத செஞ்சது ஏகேஐனு ஒரு ஜப்பான் டீம், நின்டெண்டோ 64 கன்சோல்ல நோ மெர்சிங்கற ரெஸ்லிங் கேம் பண்ணவங்க, ரெஸ்லிங் கேம்னா இன்னிக்கும் ஜனங்க அதத்தான் சொல்வாங்க. 2003ல அவங்களே இஏ கம்பெனியோட கனடா ஸ்டூடியோகூட சேந்து இந்த சீரிஸோட முதல் கேம் வெண்டெட்டா பண்ணாங்க, அது ரிங்குக்குள்ள நடக்கற ரெஸ்லிங், எதிராளிய தரையில அமுக்கிப் புடிச்சு (பின் பண்ணி) மூணு எண்ணுனா முடிஞ்சுது. அடுத்த வருஷமே ரிங்க தூக்கிட்டு சண்டைய கிளப்புக்கும் சப்வே பிளாட்ஃபாரத்துக்கும் கொண்டு வந்துட்டாங்க, அங்கதான் கேம் வேற லெவலுக்குப் போச்சு.

சப்வே ஸ்டேஜ ஆடிப் பாருங்க, எதிராளிய ட்ராக் பக்கம் தள்ளிக்கிட்டே வந்து ட்ரெயின் வர்ற நேரம் பாத்து தூக்கிப் போட்டா மேட்ச் அங்கயே க்ளோஸ். சுத்தி நிக்கற கூட்டமும் சும்மா வேடிக்கை பாக்காது. அவங்க பக்கமா நீங்க தள்ளிவிட்டா அவன புடிச்சு வெச்சுப்பாங்க, போய் ரெண்டு போடலாம், சில நேரம் கையில பாட்டில், கம்புனு எதாவது எடுத்துக் குடுப்பாங்க. உங்களையும் அதே மாதிரி புடிச்சு வெச்சுப்பாங்க, அதனால எங்க நிக்கறோம்ங்கறது எப்பவும் மனசுல இருக்கணும். டெக்கன்ல ஒவ்வொரு அடிக்கும் எவ்ளோ நேரம் ஆகுதுனு ஃப்ரேம் எண்ணுவோம்ல, இங்க சுவர் எங்க இருக்கு, கூட்டம் எங்க இருக்குனு எண்ணணும்.

பீட்வெறியன்
மேல சொன்னத ஒத்துக்கறேன், ஆனா ஐகான ஒரேடியா ஒதுக்கறது எனக்குப் புடிக்கல. 2007 மார்ச்ல வந்துச்சு, பண்ணது இஏ சிகாகோ, ஃபைட் நைட் ரவுண்ட் 3ங்கற பாக்ஸிங் கேம் பண்ண அதே டீம். அவங்க யோசிச்சது என்னன்னா, ஹிப்ஹாப்ங்கறது வெறும் ஆளுங்க முகமும் பின்னணி பாட்டுமா இருந்தா போதாது, பாட்டே சண்டை போடணும். பாட்டோட பீட்டுக்கு ஸ்டேஜே துடிக்கும், பீட் விழற நேரத்துல ஆபத்தான இடத்துல எதிராளி நின்னா அவனத் தூக்கி அடிச்சிடும், நீங்க கன்ட்ரோலர்ல இருக்கற அனலாக் ஸ்டிக்க டிஜேவோட டர்ன்டேபிள் மாதிரி சுத்தி உங்க பாட்டுக்கு மாத்தலாம். ஸ்க்ரீன்ல ஹெல்த் பார்கூட கிடையாது, அடி வாங்கறது உடம்புலயே தெரியும். எக்ஸ்பாக்ஸ் 360ல நாமளே வெச்சிருக்கற பாட்ட உள்ள போட்டும் ஆடலாம், பிஎஸ்3ல அது இல்லங்கறதுதான் எனக்கு வருத்தம். இந்த ஐடியாவ அதுக்கப்புறம் யாராவது எடுத்து ஒழுங்கா வளத்திருக்கணும், ஆனா அதே வருஷம் நவம்பர்ல ஸ்டூடியோவையே மூடிட்டாங்க.

கிராப்பிள்பிரியன்
ஐடியா அருமைதான் நண்பா, அத யாரு இல்லனு சொன்னா. ஆனா சண்டை மெதுவா, கனமா இருக்கு, ரெண்டு பேர் உக்காந்து ஆடும்போது யாரு நல்லா அடிச்சாங்கனு இல்லாம யாரு ஸ்பீக்கர் பக்கத்துல நின்னாங்கனு மேட்ச் முடியுது. கிராப்பிள், அதாவது எதிராளிய புடிச்சுப் போடற சண்டையோட ஆழம் போயிடுச்சு, அஞ்சு சண்டை ஸ்டைலும் போயிடுச்சு. அந்த அஞ்சு ஸ்டைல்தான் ஃபைட் ஃபார் நியூயார்க்கோட உயிரே.

பழையகன்சோல்
தம்பி, ஸ்டைல் பத்தி விளக்கமா சொல்றேன், வாங்குனதும் உபயோகப்படும். ஸ்ட்ரீட்ஃபைட்டிங், கிக்பாக்ஸிங், மார்ஷியல் ஆர்ட்ஸ், ரெஸ்லிங், சப்மிஷன் (கை காலப் பூட்டி சரணடைய வைக்கறது), மொத்தம் அஞ்சு. கதையில உங்க ஆளுக்கு இதுல மூணு வரைக்கும் கலந்துக்கலாம், ஜிம்ல கத்துக்குடுக்கற ட்ரெய்னரா வர்றது பாடகர் ஹென்றி ராலின்ஸ். எதிராளியோட ஹெல்த் காலியானா மட்டும் அவன் விழ மாட்டான், உங்க ஸ்டைலுக்குனு உள்ள அடியால முடிக்கணும். ரெஸ்லிங்னா பெரிய கிராப்பிள், ஸ்ட்ரீட்ஃபைட்டிங்னா ஓங்கி விடற குத்து, இந்த மாதிரி. இல்லனா எழுந்து வந்து ஆட்டத்தையே மாத்திடுவான், கடைசி நிமிஷம் வரைக்கும் நெஞ்சு படபடனு இருக்கும். சப்மிஷன் எடுத்தா கை, கால், தலைனு தனித்தனியா நோகடிச்சு ஒரு இடத்துலயே வேலை பாக்கலாம், பொறுமை உள்ளவங்களுக்கு அது ஒரு சொர்க்கம்.

டிரஸ், செயின் வாங்கறத வெறும் அலங்காரம்னு விட்டுடாத. நல்லா உடுத்துனா கூட்டம் உன் பக்கம் வரும், மொமென்டம் மீட்டர் சீக்கிரம் ஏறும், அது நிறைஞ்சாத்தான் ப்ளேஸின் மூவ்ங்கற பெரிய ஸ்பெஷல் அடி போட முடியும். பேர் வாங்கறது, பகட்டு காட்டறது, கூட்டத்த கையில வெச்சுக்கறது, இதெல்லாம் ஹிப்ஹாப்லயே இருக்கற விஷயம், அத அப்படியே சண்டையோட விதியா மாத்திருக்காங்க பாரு, என்னப் பொறுத்தவரைக்கும் அங்கதான் ஐகான விட இது ஹிப்ஹாப்ப நல்லாப் புரிஞ்சுகிட்ட கேம்.

புதுப்ளேயர்
செம விளக்கம் அண்ணா. அப்ப கதைய புரிஞ்சுக்க வெண்டெட்டா முதல்ல ஆடணுமா? அப்பறம் கையில வெச்சு ஆடற பிஎஸ்பில வந்த டேக்ஓவர் எப்படி?

பழையகன்சோல்
வேணாம்பா. வெண்டெட்டால வில்லனா இருந்த டி-மாப்ப போலீஸ் கூட்டிட்டுப் போகும்போது உன் ஆளு வண்டிய மோதி காப்பாத்தறதுலதான் இது ஆரம்பிக்குது, அது தெரிஞ்சா போதும். போலீஸ் ஆர்டிஸ்ட்கிட்ட அடையாளம் சொல்றதுதான் உன் ஆள உருவாக்கற ஸ்க்ரீன், அவ்ளோ அழகான ஆரம்பம். எதிர்ப்பக்கம் க்ரோங்கற வில்லனா வர்றது ராப்பர் ஸ்னூப் டாக், நடுவுல என்ன ஆகுதுனு சொல்ல மாட்டேன், நீயே ஆடு. டேக்ஓவர் 2006ல இதே கேமத்தான் கொஞ்சம் சேத்து பிஎஸ்பிக்கு கொண்டு வந்தாங்க, பஸ்ல ஆட நல்லது, ஆனா பெரிய ஸ்க்ரீன்ல நாலு பேர் ஒண்ணா ஆடற சுகம் வராது.

பீட்வெறியன்
சரி, ஒண்ணுதான் வாங்க முடியும்னா நானும் ஃபைட் ஃபார் நியூயார்க்குக்கே ஓட்டு போடறேன். டிஸ்க் வாங்கும்போது பின்பக்கத்த வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க, வட்டமா கீறல் இருந்தா எவ்ளோ விலை குறைச்சாலும் எடுக்காதீங்க. பிஎஸ்2 மெமரி கார்டு இருக்கானும் உங்க மாமா பையன்கிட்ட கேட்டுக்கோங்க, அது இல்லாம கதைய சேவ் பண்ண முடியாது.