ஜில்ஜியன் குடும்பமும் என் டிரம்ஸ் அனுபவமும்

நான் டிரம்ஸ் பழகத் தொடங்கிய காலத்தில் என்னிடம் இருந்தவை பித்தளை சிம்பல்கள், அதாவது குச்சியால் தட்டும் வட்ட உலோகத் தட்டுகள். குச்சி பட்டதும் ‘டங்’கென்று ஒலித்து அடங்கிவிடும். மூத்த கலைஞர் ஒருவர் தம்முடைய ஜில்ஜியன் சிம்பலை வாசிக்கக் கொடுத்தபோது திகைத்துப்போனேன். நடுக்குமிழில் தட்டினால் கணீரென்ற மணியோசை. விளிம்பில் அடித்தால் சீறிக் கிளம்பி, நெடுநேரம் இழைந்து அடங்கியது. “தடவிப் பார்” என்றார். சுத்தியல் பதித்த சிறு பள்ளங்களும், கடைசலில் விழுந்த நுண்ணிய வட்ட வரிகளும் விரலில் நெருடின.

அதன்பின் அந்தச் சிம்பலைச் செய்யும் ஜில்ஜியன் குடும்பத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) 1623-இல் அவேடிஸ் என்ற ஆர்மீனியர் தொடங்கிய தொழில் அது. சிம்பல் வெண்கலத்துக்குச் செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு என்ற கணக்கு ஊரறிந்தது. ஆனால் அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் எளிதில் நொறுங்கும். விரிசல் விடாமல் அதை வார்த்தெடுக்கும் பக்குவம்தான் குடும்ப ரகசியம்.

என் மனத்தில் நிற்பவர் மூன்றாம் அவேடிஸ். அமெரிக்காவில் மிட்டாய் தயாரித்துக்கொண்டிருந்தவர், குடும்பத்துப் பெரியவர் ஆராம் அழைத்ததால் தயக்கத்தோடு இந்தத் தொழிலுக்கு வந்தார். 1929-இல் மாசசூசெட்ஸில் பட்டறை தொடங்கியது. படை வாத்தியங்களுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் வார்த்த கனமான தட்டுகள் ஜாஸ் இசைக்கு ஒத்துவரவில்லை. ஜீன் க்ரூப்பா போன்ற டிரம்மர்கள் மெல்லியதாக வேண்டும் என்றார்கள். முன்னூறு ஆண்டுப் பெருமை பேசித் தட்டிக்கழிக்காமல், அவர் காதுகொடுத்துக் கேட்டுச் செய்துகொடுத்தார். ரைடு என்ற சிம்பலில் நடையைப் பிடித்து, கிராஷ் என்ற சிம்பலில் ஓங்கி அடித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

பங்காளிச் சண்டையும் வராமல் இல்லை. அவர் மறைந்தபின் மகன்கள், அண்ணன் அர்மாண்டும் தம்பி ராபர்ட்டும், வழக்காடிப் பிரிந்தார்கள். 1981-இல் ராபர்ட் கனடாவில் சேபியன் என்ற சிம்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். என் செட்டில் இன்று ரைடு அண்ணனுடைய ஜில்ஜியன், ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பல் தம்பியுடைய சேபியன். சேர்ந்தே ஒலிக்கின்றன.

தலைமுறை தலைமுறையாக ஆண் வாரிசுகளுக்கே சொல்லப்பட்டுவந்த ரகசியத்தை அர்மாண்ட் தம் மகள்களிடம் ஒப்படைத்தார். 1999-இல் மகள் கிரேகி தலைமைப் பொறுப்பேற்றார். அந்த வீட்டில் நடந்த மாற்றங்களில் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். மெல்லிய தட்டு வேண்டும் என்று சொல்ல வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இந்த முடிவை ஒரு தகப்பன் தானாகவே எடுக்க வேண்டியிருந்தது.