மனச்சோர்வின் உயிரியல்: ராபர்ட் சபோல்ஸ்கியின் ஆய்வுகளை எதிர்கொண்ட அனுபவங்கள்

முதல் பகிர்வு

கடும் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் சபோல்ஸ்கி அந்நோய் குறித்து 2009-இல் ஆற்றிய உரையை யூடியூபில் கேட்டேன். நீரிழிவு எந்த அளவுக்கு உடல் சார்ந்த நோயோ, மனச்சோர்வும் அந்த அளவுக்கு உடல் சார்ந்தது என்பதே அவ்வுரையின் அடித்தளம். இன்சுலின் போட்டுக்கொள்பவரிடம் மனதைத் திடப்படுத்திக்கொண்டால் போதும் என்று எவரும் சொல்வதில்லை. எனக்கோ அந்த அறிவுரை நாள்தோறும் கிடைத்தது. பிரஷ்ஷில் பற்பசையை வைத்துவிட்டு, அதை வாய்வரை கொண்டுபோக முடியாமல் குழாயருகே நின்றுகொண்டிருப்பேன். பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிந்தது. விடியலுக்கு வெகு முன்பே விழித்துக்கொள்வது, பசி மங்குவது, அசைவும் சிந்தனையும் மந்தமாவது என அறிகுறிகளை ஒவ்வொன்றாக விளக்கிய அவர், வெளியே ஓய்ந்து கிடக்கும் அந்த உடலுக்குள் மன அழுத்த ஹார்மோன்கள் பலருக்கு உயர்ந்தே இருக்கின்றன என்று சொன்ன இடத்தில் உரையை நிறுத்தி, அம்மாவை அழைத்து அப்பகுதியை மட்டும் மீண்டும் ஓடவிட்டேன். அதன் பிறகு, எழுந்து நடமாடினால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்லவே இல்லை. தாமும் மனச்சோர்வுடன் நெடுங்காலம் வாழ்ந்துவருவதைச் சபோல்ஸ்கி வெளிப்படையாகப் பேசியிருப்பதும் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

இரண்டாம் பகிர்வு

ஆய்வுக்கூடமொன்றில் உமிழ்நீர் மாதிரிகளில் கார்ட்டிசால் அளவிடும் பணியில் இருந்தவன் என்பதால், என்னை ஈர்த்தது சபோல்ஸ்கியின் களப்பணி. கார்ட்டிசால் காலையில் உயர்ந்து இரவில் தாழும் மன அழுத்த ஹார்மோன். மாதிரி எடுத்த நேரத்தைப் பங்கேற்பாளர் தவறாகக் குறித்துவிட்டால், அந்தக் குப்பியிலிருந்து கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. ஆய்வுக்கூடத்திலேயே இவ்வளவு சிக்கல் இருக்க, சபோல்ஸ்கி 1970-களின் இறுதியிலிருந்து கென்யாவின் புல்வெளிகளில் பபூன் குரங்குகளிடம் இதை அளந்தார். குரங்கு வேறு பக்கம் பார்க்கும்போது ஊதுகுழலால் மயக்க ஊசியைச் செலுத்த வேண்டும். ஊசி வரப்போவது தெரிந்துவிட்டால் அந்த அச்சமே ஹார்மோனை உயர்த்திவிடும். அன்று சண்டையிட்ட குரங்கையோ, நோயுற்ற குரங்கையோ, இணைசேர்ந்த குரங்கையோ தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் ஒரே வேளையில்தான் எடுக்க வேண்டும். மயங்கியவுடன் விரைந்து இரத்தம் சேகரிக்க வேண்டும். இத்தனை கட்டுப்பாடுகளுடன் கிடைத்த முடிவு என்பதாலேயே அதை நான் பெரிதும் மதிக்கிறேன்: கூட்டத்தின் படிநிலை நிலையாக இருக்கும்போது, கீழ்நிலையிலுள்ள ஆண் குரங்குகளிடம் ஓய்வு நேரத்திலும் மன அழுத்த ஹார்மோன் கூடுதலாக இருந்தது. படிநிலை குலையும் காலத்திலோ, மேல்நிலைக் குரங்குகளுக்கு அந்தச் சாதகம் இல்லாமற்போனது. ஆகவே பதவி மட்டும் காப்பதில்லை. அடுத்து என்ன நேரும் என்று தெரியாத நிலைதான் உடலை அரிக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

மூன்றாம் பகிர்வு

முதல் பகிர்வில் குறிப்பிட்ட உரையை நானும் என் மனைவியும் சேர்ந்து கேட்டோம்; மனச்சோர்வு அவருக்கு. மீண்டும் மீண்டும் மனச்சோர்வுக்கு ஆளானவர்களின் ஹிப்போகேம்பஸ், அதாவது நினைவுக்கு இன்றியமையாத மூளைப் பகுதி, சிறுத்திருப்பதாக 1996-இல் வெளியான ஸ்கேன் ஆய்வைப் பற்றிப் படித்தபோது அவர் மிகவும் கலங்கினார். அது குழுக்களின் சராசரியை ஒப்பிட்ட முடிவு என்றும், ஒரு தனி மனிதரின் ஸ்கேனைப் பார்த்து அவருக்கு மனச்சோர்வு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகே அமைதியடைந்தார்.

உரையைப் புதிதாகக் கேட்பவர்களிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மூளை செல்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனினோடு தொடர்புடைய, செரோட்டோனின் கடத்தி மரபணுவின் ஒரு வகை உள்ளவர்களுக்கு, வாழ்வில் நெருக்கடிகள் நேரும்போது மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்ற 2003-ஆம் ஆண்டு நியூசிலாந்து ஆய்வைச் சபோல்ஸ்கி மிகுந்த நம்பிக்கையுடன் முன்வைக்கிறார். அதே 2009-இல், 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பகுப்பாய்வு அந்த மரபணுத் தொடர்பை உறுதிசெய்யவில்லை. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளும் அதற்குச் சாதகமாக இல்லை. எனினும் வாழ்வின் நெருக்கடிகளுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு அப்பகுப்பாய்விலும் தெளிவாகவே நின்றது. எனவே அந்த மரபணுவைப் பரிசோதிக்க எந்த ஆய்வகத்துக்கும் பணம் கட்ட வேண்டாம். மாறாக, தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு தோன்றலாம் என்று அவர் சொல்வது மிகவும் பயனுள்ளது. மனைவிக்கு மருந்து தொடங்கும் முன் மருத்துவர் முதலில் எழுதிக்கொடுத்ததும் தைராய்டு இரத்தப் பரிசோதனையைத்தான்.