அமிர்தியில் பார்த்தது காட்டு ஹைட்ராஞ்சியாவா? வேலூர் மாடியில் வளருமா?

சத்துவாச்சாரி மாடித்தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். மகளின் பிரசவத்துக்காகப் போன வருடம் அமெரிக்கா போய், மே முதல் ஆகஸ்ட் வரை வட கரோலினாவின் மலைப்பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. அந்தச் சரிவில், பெரிய மரங்களின் நிழலில், என் இடுப்பு உயரத்துக்குப் புதர் புதராக ஒரு செடி. ஜூன் பிறந்ததும் தட்டுத் தட்டாக வெள்ளைப் பூ பூத்தது. நடுவில் பொடிப் பொடியாகப் பூ, ஓரத்தில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு இதழோடு பெரிய பூ. தினமும் சாயங்காலம் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நிற்பேன். குழந்தை அழுகையை நிறுத்திவிடும். பக்கத்து வீட்டு அம்மாள் அதைக் காட்டு ஹைட்ராஞ்சியா என்றார். ஏலகிரியில் பந்து பந்தாகப் பூக்கும் நீலப் பூதான் ஹைட்ராஞ்சியா என்று நினைத்திருந்த எனக்கு நம்ப முடியவில்லை.

இந்தச் சித்திரையில் குடும்பத்தோடு ஜவ்வாது மலையிலிருக்கும் அமிர்திக்குப் போனோம். அருவிக்குப் போகும் வழியில் அதே போல ஒரு புதர், அதே போல வெள்ளைக் கொத்து. அப்படியே நின்றுவிட்டேன். இலைகள் எதிரெதிராக இருந்தன. நல்ல வாசனை. ஒவ்வொரு பூவிலிருந்தும் ஊசி போல ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாலைந்து படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இரண்டும் ஒரே செடிதானா? என் மாடியில் வளருமா? கிழக்குப் பார்த்த வீடு, போர் தண்ணீர்தான், வாளியில் வெள்ளையாக உப்புப் படியும். போன கார்த்திகையில் சாலையோர நர்சரி ஒன்றில் 350 ரூபாய் கொடுத்து நீல ஹைட்ராஞ்சியா வாங்கினேன், பதினைந்தே நாளில் காய்ந்துவிட்டது. மகள் டிசம்பரில் வருகிறாள். அந்த ஓடைக்கரைச் செடியின் விதையைக் கொண்டுவரச் சொல்லலாமா?

திருப்பத்தூர் தாவரவியல் வாத்தியார்:

அம்மா, உங்கள் கண்ணைப் பாராட்ட வேண்டும். 'ஊசி போல நீட்டிக்கொண்டிருந்தது' என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி எனக்குப் போதும். அமிர்தியில் நீங்கள் பார்த்தது பாவட்டை. காப்பிச் செடியின் குடும்பம். இட்லிப் பூ என்கிறோமே, அந்த வெட்சிக்கு நெருங்கிய சொந்தம். மாணவர்களை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போன வருடங்களில் பாவட்டையின் முன் அவர்களை நிறுத்தாமல் திரும்பியதே இல்லை.

உங்கள் படங்களைப் பெரிதாக்கி இலை ஓரத்தைப் பாருங்கள். பாவட்டை இலைக்கு ஓரத்தில் பல் இருக்காது, வழித்துவிட்டது போல இருக்கும். காட்டு ஹைட்ராஞ்சியாவின் இலையில் ரம்பப் பல் சுற்றிலும் ஓடும். பாவட்டை இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கரும்புள்ளிகள் தெரியும். நோய் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். நோய் இல்லை, அந்த இலைக்குள்ளேயே பாக்டீரியா குடியிருக்கும் சின்னச் சின்ன முடிச்சுகள். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இது.

பூவில் வித்தியாசம் இன்னும் தெளிவு. பாவட்டைப் பூ நீளக் குழல், அதன் வாயில் நாலு இதழ், நடுவிலிருந்து சூல்தண்டு வெகுதூரம் வெளியே வரும். அதுதான் உங்கள் ஊசி. ஹைட்ராஞ்சியாவின் பொடிப் பூவுக்குக் குழல் கிடையாது. ஐந்து இதழ், வழக்கமாகப் பத்து மகரந்தத் தாள். ஓரத்தில் நீங்கள் பார்த்த நாலு இதழ்ப் பெரிய பூ மலட்டுப் பூ. அந்த இதழ்களும் உண்மையில் பூவின் வெளியுறையான புல்லிகள்தான், பூச்சிகளைக் கூப்பிடுவதற்காக அகன்று வெளுத்தவை. பாவட்டைக் கொத்தில் அப்படி ஓரப் பூ என்று தனியாக எதுவும் இருக்காது. காய்த்தால் சந்தேகமே வராது: பாவட்டை பட்டாணி அளவில் கருப்பாகப் பழுக்கும். ஹைட்ராஞ்சியாவின் காய் உலர்ந்து, வாய் திறந்த குட்டிக் குடம் போல நிற்கும், உள்ளே தூசு போல விதை. அந்தக் குடத்தை வைத்துத்தான் கிரேக்கத்தில் 'நீர்க்கலம்' என்று பொருள் வரும்படி ஹைட்ராஞ்சியா என்ற பெயர்.

காட்டு ஹைட்ராஞ்சியா அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளுக்குச் சொந்தமானது. லின்னேயஸ் 1753-இல் ஹைட்ராஞ்சியா ஆர்போரசென்ஸ் என்று பெயர் வைத்தார். முதிர்ந்த தண்டின் பட்டை ஏடு ஏடாக உரியும். ஏழு பட்டைச் செடி என்றே அங்கே ஒரு பெயர் உண்டு. ஏலகிரியில் பார்த்த நீலப் பந்து வேறு இனம், அதன் ஊர் ஜப்பான். இமயமலைப் பக்கம் காட்டு ஹைட்ராஞ்சியாக்கள் சில உண்டு. நம் தென்னாட்டுக் காடுகளில் தானாக வளர்வது எதுவும் இல்லை.

மகளிடம் ஒரு வேலை சொல்லுங்கள். அந்த ஓடைக்கரைச் செடியின் இலையைத் திருப்பிப் பார்க்கட்டும். அடிப்பக்கம் பச்சையாக இருந்தால் நான் சொன்னதுதான். சுண்ணாம்பு பூசியது போல வெளேரென்று இருந்தால் ஹைட்ராஞ்சியா ரேடியாட்டா, அதன் அடுத்த உறவு. அதே மலைகளில் அதுவும் வளர்கிறது.

விதை மட்டும் வேண்டாம், அம்மா. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதிச் சீட்டும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையோ தண்டோ உள்ளே கொண்டுவரக் கூடாது. ஒரு பூஞ்சையோ பூச்சியோ கூடவே வந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. உண்ணிச்செடி வெளிநாட்டிலிருந்து அழகுக்காக வந்ததுதான், இன்று நம் மலைகளில் அது இல்லாத சரிவு எங்கே இருக்கிறது? அப்படியே விதை வந்து முளைத்தாலும் அந்தச் செடிக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். இலை உதிர்த்து, உறைபனியில் தூங்கி எழுந்து, புதிதாக வரும் கிளையில் பூக்கிற செடி. மார்கழி இரவிலும் 18 டிகிரி இருக்கும் வேலூரில் அது எப்போது தூங்கும்?

ஆற்காடு செம்பருத்தி:

நடுவில் ஒரு சந்தேகம் சார். படிகாரம் கரைத்து ஊற்றினால் பூ நீலமாகும் என்கிறார்களே, அந்தக் காட்டுச் செடியின் வெள்ளைப் பூவும் நீலமாகுமா?

திருப்பத்தூர் தாவரவியல் வாத்தியார்:

ஆகாது. நிறம் மாறுவது ஜப்பான் இனத்தில்தான், அதிலும் வெள்ளைப் பூ வகைகள் மாறாது. மண்ணில் இருக்கும் அலுமினியத்தை வேர் எடுத்து, பூவின் நிறமியோடு சேர்ந்தால்தான் நீலம். மண்ணின் கார அமில அளவு (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். 6.5-க்கு மேலே போனால் பூட்டிக்கொள்ளும், பூ இளஞ்சிவப்பாகும். படிகாரத்தில் அலுமினியமும் இருக்கிறது, அது மண்ணை அமிலமாக்கவும் செய்யும். ஆனால் ஒரு பக்கம் படிகாரம் போட்டு மறுபக்கம் உப்புப் படியும் போர் தண்ணீரை ஊற்றினால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். அளவு கூடினால் வேர் கருகும்.

ஏலகிரி நர்சரிக்காரன்:

அக்கா, வாத்தியார் சொன்ன பிறகு செடி அடையாளத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் நீலச் செடி ஏன் செத்தது என்று சொல்கிறேன். நிழல்வலைக்குள் வளர்த்து, முழுப்பூவோடு விற்கிற செடி அது. தொட்டியில் பெரும்பாலும் வெறும் தேங்காய் நார்க்கழிவுதான் இருக்கும். ஒரு நாள் காய்ந்தால் தண்ணீரை மறுபடி இழுக்காது, ஓரமாக வழிந்து போய்விடும். அதை நேரே மாடி வெயிலில் வைத்திருப்பீர்கள். பூ செடியை உறிஞ்சும், வெயில் இலையை உறிஞ்சும், வேர் என்ன செய்யும்?

நாங்கள் இருப்பது 1,100 மீட்டர் உயரம், இங்கேயே பங்குனி, சித்திரையில் மதியம் இலை துவளும். துவண்டதும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானே நிமிரும். ஈரத்தின் மேல் ஈரம் ஊற்றி அழுகிப் போன செடிதான் நான் பார்த்ததில் அதிகம்.

வேலூரில் வைக்கத்தான் வேண்டும் என்றால் ஐப்பசியில் வாங்குங்கள். பூவில்லாத செடியாகக் கேளுங்கள், பூ இருந்தால் வந்த அன்றே வெட்டிவிடுங்கள். செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலைமண் இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு. காலை ஒன்பது மணி வரைக்கும் வெயில், அதற்குப் பிறகு சுவர் நிழல். மாடி வேண்டாம், கீழே தண்ணீர்த் தொட்டி ஓரம் நல்லது. வடகிழக்கு மழையில் இரண்டு டிரம் பிடித்து வையுங்கள், மழைத் தண்ணீர்தான் இதற்கு மருந்து. போர் தண்ணீர் மட்டும் ஊற்றினால் நரம்பு பச்சையாக நின்று இலை மட்டும் மஞ்சளாகும். மாசி வரைக்கும் சந்தோஷமாக இருக்கும். கத்திரியில் இலை கருகும், வேர் பிழைத்தாலே பெரிது. அடுத்த வருடம் பூக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

இன்னொன்று. இந்த நீல வகை பெரும்பாலும் முந்தைய வருடத்துக் கிளையில்தான் பூக்கும். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்கிற கையோடு செடியையும் மொட்டையடித்துவிட்டுப் பூக்கவில்லை என்று வருவார்கள். பூ முடிந்த உடனே வெட்டுங்கள், அப்புறம் கத்தரியைத் தொடாதீர்கள்.

குடியாத்தம் தோப்பு:

ஆடு, நாய் இருக்கிற வீடென்றால் கவனம். ஹைட்ராஞ்சியா இலை, மொட்டு எல்லாமே தின்றால் விஷம்.

சத்துவாச்சாரி மாடித்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் சார். இலை ஓரம் வழவழப்புதான், ஒரு பல் கூட இல்லை. வெயில் ஊடுருவிய ஓர் இலையில் புள்ளிகள் பொட்டு வைத்தது போலத் தெரிகின்றன. நேற்று இரவு மகள் வீடியோவில் அந்தச் செடியைக் காட்டினாள். இலையின் அடிப்பக்கம் வெளிர் பச்சை. போன வருடத்துக் காய்கள் தண்டிலேயே நிற்கின்றன, நீங்கள் சொன்ன குட்டிக் குடங்கள். பட்டையை நகத்தால் தொட்டாள், காகிதம் போல உரிந்து வந்தது. பேத்தி அதைப் பிடுங்கி வாயில் வைக்கப் போனாள். தோப்பு எழுதியதைப் படித்திருந்ததால் கத்திவிட்டேன்.

விதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவட்டையை வீட்டில் வளர்க்கலாமா சார்? அமிர்தியிலிருந்து எடுக்க மாட்டேன், அது வனத்துறைக் காடு.

திருப்பத்தூர் தாவரவியல் வாத்தியார்:

தாராளமாக வளர்க்கலாம். உங்கள் வெயிலுக்குப் பிறந்த செடி அது. என் வீட்டு வேலியோரம் ஒன்று நிற்கிறது, இப்போது காய் பச்சையாக இருக்கிறது. கருத்ததும் பறித்து, சதையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி உடனே விதையுங்கள், பழைய விதை சரியாக முளைக்காது. முளைப்பு மெதுவாகத்தான் வரும், விதைத்த பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழம் கருத்ததும் இங்கேயே எழுதுகிறேன், திருப்பத்தூர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.