5.8 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆன்டெனா: அலைவரிசை இறங்குது, கெயினும் வரல

லயத்துவாசி (சுங்கை சிப்புட்):
வணக்கம். தோட்ட ஆபிசிலிருந்து லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசை) 2 கி.மீ. கம்பியில்லா இணைப்பு, நடுவில் செம்பனை. 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடியிழை சர்க்யூட்) பலகை, மின்காப்பு மாறிலி 4.4 என்று கணக்குப் போட்டு 15.7 × 11.75 மி.மீ. பேட்ச் (அலையை வீசும் செம்புத் தகடு) வெட்டினேன். ஆன்டெனா எந்த அலைவரிசையில் வேலை செய்யுதுன்னு அளக்கும் விஎன்ஏ கருவி 5.62 கிகாஹெர்ட்ஸ் காட்டுது. நாலு பேட்ச் சேர்த்த 2×2 அரேயில் கெயினும் (அலையை ஒரு பக்கம் குவிக்கும் அளவு) ஒற்றை பேட்சைவிட 3 டிபிதான் (டெசிபெல்) கூட. எங்கே தப்பு?

அலைக்கணக்கு:
வெட்டு சரியென்றால் பலகையின் மாறிலி 4.7 பக்கம். எஃப்ஆர்4 அப்படித்தான், கட்டுக்குக் கட்டு மாறும். 11.75 பக்கத்தில் 0.4 மி.மீ. குறைங்க, 0.1 மி.மீ.க்கு ஏறக்குறைய 44 மெகாஹெர்ட்ஸ் நகரும், அதனால் அரத்தை மெதுவா ஓட்டணும்.

கெயின் வேற கதை. நாலு பேட்ச்சுக்கு 6 டிபி கூடணும். ஆனா இந்தப் பலகையில் 10 செ.மீ. ஃபீட் தடம் (பேட்ச்சுக்குச் சிக்னல் கொண்டுபோகும் செம்புக் கோடு) மின்காப்பிலேயே 1.7 டிபி தின்னும், செம்பு இழப்பு தனி. பேட்ச்சைக் கூட்டக் கூட்டத் தடமும் நீளும். எஃப்ஆர்4-இல் அரே போடுவது வீண் வேலை. இழப்பு குறைந்த ரோஜர்ஸ் 4003சி பலகை நல்லது, விலைதான் கடி.

பட்டறைக்காரன்:
காசு போடாம காற்றையே மின்காப்பா வைங்க அண்ணே. 0.5 மி.மீ. பித்தளைத் தகடு 30 × 23 மி.மீ., பின்னால் 80 மி.மீ. சதுர அலுமினியம், இடைவெளி 2 மி.மீ. பேட்ச் நடுவில் மின்புலம் பூஜ்யம், அதனால் அங்கே இரும்புத் திருகாணி போட்டாலும் கெடாது. எஸ்எம்ஏ (கேபிள் இணைப்பான்) ஊசியை நடுவிலிருந்து 23 மி.மீ. பக்கத்தின் வாக்கில் 5, 6 மி.மீ. தள்ளி வச்சுப் பார்த்து நகர்த்துங்க.

மழைக்கு மூடி வேணும், ஆனா தகட்டை ஒட்டி வைக்காதீங்க, அலைவரிசை மறுபடி இறங்கும். கறுப்பு பிளாஸ்டிக்கில் கார்பன் இருக்கலாம். ஒரு குவளைத் தண்ணியோட மைக்ரோவேவ் அடுப்பில் அரை நிமிஷம் வைங்க. மூடி சுட்டா வேண்டாம்.

அலைக்கணக்கு:
ஆன்டெனா எவ்வளவு நல்லா இருந்தாலும் ஓலைக்குள்ள அடிச்சா போச்சு, அதுவும் ஈர ஓலை. 2 கி.மீ. நடுவில் ஃபிரெனல் ஆரம் (நேர்க்கோட்டைச் சுற்றி அலைக்கு வேண்டிய இடம்) 5 மீட்டர். அதில் 60 விழுக்காடு, 3 மீட்டராவது, ஓலை உச்சிக்கு மேல காலியா வேணும். எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு ஆணையம்) பவர் வரம்பில் ஆன்டெனா கெயினும் சேரும், பவரைக் கூட்டுமுன் பாருங்க. தூண் போடுமுன் அந்தத் தொகுதி எந்த வருஷ நடவுன்னு கிராணிகிட்ட (தோட்ட எழுத்தர்) கேளுங்க. இளமரம்னா வருஷம் அரை மீட்டர் போல ஏறும், அதையும் சேர்த்துத் தூணை உயர்த்தணும். 20 வருஷம் தாண்டியிருந்தா மறுநடவு கிட்ட வந்தாச்சு, மரத்தை வெட்டும் வரைக்கும் இழுகம்பித் தூணே போதும்.