சிகாகோவில் விவேகானந்தர் பேசிய மண்டபம் எங்கே? – சென்று வந்தவர்களின் அனுபவப் பகிர்வு

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், இராமநாதபுரம்:

எங்கள் பக்கத்தில், பாம்பனை அடுத்த குந்துகாலில் விவேகானந்தருக்கு ஒரு நினைவு மண்டபம் உண்டு. சிகாகோ சென்று புகழோடு திரும்பியவரை 1897 ஜனவரியில் பாம்பனில் எதிர்கொண்டு வரவேற்றவர் சேதுபதி மன்னர் பாஸ்கரர். அந்தப் பயணத்திற்குச் சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளோ என்னைப் போல் ஒரு பள்ளி ஆசிரியர். முப்பது ஆண்டுகள் இந்தக் கதையை வகுப்பில் சொன்னவன் என்பதால், சிகாகோவில் மகள் வீட்டில் தங்கியிருந்த மூன்று மாதங்களில் அவர் பேசிய மண்டபத்திற்குள் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை.

1893 செப்டம்பர் 11 அன்று சர்வசமயப் பேரவை கூடிய கட்டடம் இப்போது சிகாகோ கலைக் கழகத்தின் அருங்காட்சியகமாக மிச்சிகன் அவென்யூவில் இருக்கிறது. வாசலின் இருபுறமும் பச்சை பூத்த வெண்கலச் சிங்கங்கள் நிற்கின்றன. அவை மறு ஆண்டுதான் வைக்கப்பட்டன என்பதால், சுவாமிகள் பேசப் படியேறிய நாளில் அங்கே இல்லை. உள்ளே காவலர் ஒருவரிடம் மண்டபத்திற்கு வழி கேட்டேன். இந்தியாவிலிருந்து வருபவர்கள் பலரும் இதையே கேட்பதாகச் சொல்லிச் சிரித்துவிட்டு, அவர் பொறுமையாக விளக்கினார். பேரவை நடந்தபோது கட்டடத்தின் உட்பகுதி வேலை முடியாமல் இருந்தது. அதற்குள் கொலம்பஸ் அரங்கு, வாஷிங்டன் அரங்கு என்று இரண்டு தற்காலிக அரங்குகளை எழுப்பிக் கூட்டம் நடத்தினார்கள். பேரவை முடிந்தபின் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். 'அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே' என்ற அழைப்பைக் கேட்டது கொலம்பஸ் அரங்கு. நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டிய தூண்களும் மேடையும் என் கற்பனையில் மட்டுமே இருந்தவை என்பது அறுபத்தெட்டாம் வயதில் தெரிந்தது.

ஏமாற்றத்தோடு வெளியே வந்தபோது தெருமுனைக் கம்பத்தில் பழுப்புநிறப் பலகை ஒன்றை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். அதில் 'சுவாமி விவேகானந்தர் வழி' என்று எழுதியிருந்தது. அந்த ஊரில் தெருவின் பெயரை மாற்றாமல், முகவரிகளையும் குழப்பாமல், ஒருவரைச் சிறப்பிப்பதற்காகப் பெயர்ப்பலகை மட்டும் கூடுதலாக வைக்கும் வழக்கம் உண்டு. பச்சைப் பலகை தபால்காரருக்கு, பழுப்புப் பலகை மரியாதைக்கு. நம் ஊர்களிலும் இப்படிச் செய்திருந்தால் எத்தனையோ தெருச் சண்டைகள் குறைந்திருக்கும். அந்தக் கம்பத்தடியில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.

கட்டமைப்புப் பொறியாளர், கோயம்புத்தூர்:

ஐயா, அதே பழுப்புநிறத்தில் இன்னொரு பலகையும் உண்டு. கலைக் கழகத்திலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால், ஜாக்சன் தெருவும் பிராங்க்ளின் தெருவும் சந்திக்கும் முனையில் ஃபஸ்லுர் கானின் பெயர் தாங்கி நிற்கிறது. டாக்காவில் 1929இல் பிறந்த அவர்தான் அருகே எழும்பி நிற்கும் 110 மாடி வில்லிஸ் கோபுரத்திற்குக் கட்டமைப்பு வகுத்த பொறியாளர். சியர்ஸ் கோபுரம் என்றே எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது. 2009இல்தான் பெயர் மாறியது.

அவருடைய யோசனையைக் கரும்புக் கட்டோடு ஒப்பிட்டு விளக்கலாம். தனிக் கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்துவிடலாம், கட்டாகக் கட்டினால் முடியாது. அதுபோல, பக்கத்திற்கு 75 அடி கொண்ட ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி, காற்றின் தள்ளலை அவை அனைத்தும் ஒன்றாகத் தாங்கும்படி செய்தார். ஐம்பதாம் மாடியில் இரண்டு குழாய்களும், அறுபத்தாறில் இரண்டும், தொண்ணூறில் மூன்றும் நின்றுவிட, மீதி இரண்டு மட்டும் உச்சிவரை போகின்றன. தெருவில் நின்று கழுத்தை நிமிர்த்தினால் அந்தப் படிகளை எண்ணிவிடலாம். நான் மூன்று முறை எண்ணினேன். சக பயணிகள் என்னை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மேலே ஏறியதில்தான் கோட்டை விட்டேன். அன்று தாழ்ந்த மேகம். 103ஆம் தளத்தில் கண்ணாடிக்கு வெளியே பாலை ஊற்றியதுபோல் வெள்ளை தவிர வேறொன்றுமில்லை. சுவரைத் தாண்டி நான்கடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றபோதும், காலுக்குக் கீழே 1,353 அடி பள்ளம் இருப்பதற்கு எந்த அடையாளமும் தெரியாததால் பயம்கூட வரவில்லை. சீட்டு வாங்குமுன் கீழே நின்று உச்சி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தரசி, சென்னை:

பணம் கொடுத்து மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. கலைக் கழகத்தை ஒட்டியுள்ள மில்லினியம் பூங்காவில், மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் வடித்த, எல்லோரும் 'பீன்' என்று அழைக்கும் எஃகுச் சிற்பத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். 168 தகடுகளைப் பற்றவைத்து, ஒட்டே தெரியாதபடி தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். பெரும்பாலோர் வெளிப்பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடியில் போய் அண்ணாந்து பாருங்கள். கொப்பூழ்போல் உட்குழிந்த அந்த இடத்தில் ஒரே ஆள் பலவாக மடிந்து, நீண்டு, தலைகீழாகத் தெரிவார். என் அம்மா தம்மைத் தேடிக்கொண்டே வெகுநேரம் நின்றார்கள். கடைசியில் அந்தக் கூட்டத்தில் கட்டியிருந்த அரக்குநிறப் புடவையை வைத்துத்தான் தம்மை அடையாளம் கண்டார்கள். அதுவும் ஐந்து இடங்களில்.

நூலகர், யாழ்ப்பாணத்தில் பிறந்து தற்போது டொரன்டோவில்:

பூங்காவிலிருந்து தெருவைக் கடந்தால் வருகின்ற சிகாகோ பண்பாட்டு மையத்தை ஒருவரும் குறிப்பிடவில்லை. அதற்கும் கட்டணமில்லை. 1897இல் நகரின் பொது நூலகமாகத் திறக்கப்பட்ட கட்டடம் அது. மேல்தளத்தில் 38 அடி விட்டமுள்ள டிஃபனி கண்ணாடிக் கவிகை இருக்கிறது. மீன் செதில்போல் அடுக்கிய கண்ணாடித் துண்டுகளின் ஊடாக வெளிச்சம் இறங்குகிறது. அதற்குக் கீழே, புத்தகம் கொடுத்து வாங்கிய காலத்து வெள்ளைச் சலவைக்கல் சுவர்களில் பதித்த முத்துச்சிப்பியும் பச்சைக் கண்ணாடியும், நாம் ஓரடி நகர்ந்தால் நிறம் மாறுகின்றன.

நான் அங்கே நெடுநேரம் நின்றதற்குக் கவிகை மட்டும் காரணமில்லை. 1871 அக்டோபரில் சிகாகோவின் பெரும்பகுதி எரிந்து போனபின், இங்கிலாந்திலிருந்து நன்கொடையாக ஏறத்தாழ 8,000 புத்தகங்கள் வந்தன. அவற்றை வைக்க இடமில்லாமல், தீயில் தப்பிய பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றிற்குள் 1873 ஜனவரியில் நூலகத்தைத் தொடங்கினார்கள். வட்டமான இரும்புச் சுவரையொட்டி அலமாரிகளை எப்படி அடுக்கியிருப்பார்கள் என்று தொழில்முறையில் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது நான் அங்கே உறுப்பினர் அட்டை வைத்திருந்த பள்ளி மாணவி. இரவல் எடுத்து வந்திருந்த இரண்டு புத்தகங்கள் எங்கள் வீட்டில் இருந்தபடியால் தப்பின.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: அருங்காட்சியகத்தில் எங்களோடு வந்த ஒருவர் ஃபுல்லர்ட்டன் அரங்கைக் காட்டி, சுவாமிகள் பேசியது அங்கேதான் என்று உறுதியாகச் சொன்னாரே?

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், இராமநாதபுரம்:

இருக்க முடியாது அம்மா. ஃபுல்லர்ட்டன் அரங்கு திறந்தது 1898இல். அவர் அதற்கு முந்தைய ஆண்டே பாம்பனுக்கு வந்து சேர்ந்துவிட்டார். அடுத்த கோடையில் மீண்டும் மகள் வீட்டிற்குப் போகிறோம். ஜாக்சன்–பிராங்க்ளின் முனையையும் தண்ணீர்த் தொட்டிக் கதையையும் குறித்துக்கொண்டேன். ஐந்து இடங்களில் தெரியும் புடவையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டாள்.