நாட்டுக்கோழிக்குத் தீவனம் நாமே அரைப்பது: முட்டை குறைந்துவிட்டது, எதைச் சேர்க்கலாம்?

பெருந்துறைத் தோட்டம்:
வணக்கம். வீட்டில் 20 பெட்டைகள், 2 சேவல்கள் இருக்கின்றன. கடைத் தீவனம் விலை ஏறியதால் கம்பு, அரிசிக் குருணை, தவிடு மூன்றையும் சம அளவில் கலந்து போடுகிறேன். வயிறாரத் தின்கின்றன. ஆனால் முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது, ஓடு தொட்டாலே நொறுங்குகிறது. ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கவும் செய்கின்றன. அடுத்த வாரம் மில்லுக்குப் போக வேண்டும், கலவை சொல்லுங்கள்.

கொல்லைக்கோழி அக்கா:
தம்பி, வயிறு நிறைகிறது, சத்து நிறையவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பில் புரதம் சுமார் 11 சதவீதம், குருணையில் 8, தவிட்டில் 12. மூன்றையும் சம அளவில் கலந்தால் 10, 11-ஐத் தாண்டாது. முட்டையிடும் கோழிக்கு 16-க்கு மேல் வேண்டும். இறகு பிடுங்குவதற்கும் பல நேரம் இந்தப் புரதக் குறைதான் காரணம்.

நான் 25 கிலோவாகத்தான் அரைப்பேன். மக்காச்சோளம் 10½ கிலோ, கம்பு 3¾, தவிடு 3¾, சோயா புண்ணாக்கு 4, எள்ளுப் புண்ணாக்கு 1¼, கருவாட்டுத் தூள் 1¼, தாது உப்புக் கலவை ½ கிலோ. புரதம் 17, 18-க்கு வந்துவிடும். சோயாவைப் புண்ணாக்காகவே வாங்குங்கள். பச்சை சோயா பயறை வறுக்காமல் அரைத்துப் போட்டால் கோழிக்குச் செரிக்காது.

கருவாடு உப்புப் போடாததாகக் கேட்டு வாங்குங்கள். உப்புக் கருவாடு சேர்ந்தால் கோழி தண்ணீராகக் குடித்து நீராகக் கழியும், கூண்டுத் தரை ஈரமாகி வேறு நோய் வரும்.

மில்லில் மாவாக அரைக்க விடாதீர்கள், ரவை பதம் போதும். மாவு அலகில் அப்பிக்கொள்ளும், பாதி தண்ணீர்ச் சட்டியில்தான் கரையும். தாது உப்பை நேரே மூட்டையில் கொட்டாமல், முதலில் இரண்டு கிலோ தவிட்டில் நன்றாகப் பிசறி, அதை மொத்தத்தோடு சேர்த்துப் புரட்டுங்கள். இல்லையென்றால் ஒரு கோழிக்கு எல்லாம், இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை.

ஓட்டுக்குக் கிளிஞ்சல். கலவையில் சேர்க்காமல் தனிச் சட்டியில் உடைத்து வையுங்கள். மாலை நேரத்தில் பெட்டைகள் தாமாகவே வந்து பொறுக்கும், ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவில்தானே. சேவலுக்கு அவ்வளவு சுண்ணாம்பு தேவையில்லை.

நாமக்கல் வாசகர்:
அக்கா சொன்னதோடு ஒன்று. புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை வந்துவிட்டால் எல்லாம் வீண். மக்காச்சோளத்தைக் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் வெயிலில் போடுங்கள். கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் மழைக்காலத்தில் நான் தொடுவதில்லை. அதில் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைத்தான் தாக்கும், வெயிலில் காய வைத்தாலும் வேக வைத்தாலும் முழுதாகப் போகாது. சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது, மாதிரி கொடுத்துப் பார்க்கலாம்.

பெருந்துறைத் தோட்டம்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ஒரு கேள்வி விட்டுப்போச்சு. ஒரு கோழி குஞ்சு பொரித்திருக்கிறது. குஞ்சுக்கும் இதையே போடலாமா? எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம்?

கொல்லைக்கோழி அக்கா:
குஞ்சுக்கு இது போதாது தம்பி, 20 சதவீதம் புரதம் வேண்டும். முதல் இரண்டு மாதத்துக்குக் கடையில் குஞ்சுத் தீவனமே வாங்கிவிடுங்கள், கொஞ்சம்தானே தின்னும். கிளிஞ்சல் சட்டியை அதன் பக்கமே வைக்காதீர்கள், அந்த வயதில் சுண்ணாம்பு கூடினால் சிறுநீரகம் கெடும். குஞ்சுத் தீவனம் அவ்வளவையும் தாய்க்கோழி தின்றுவிடும் என்பதுதான் தொல்லை. பஞ்சாரத்தை, அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையை, செங்கல் மேல் தூக்கி வைத்து, தீவனத்தை உள்ளே வையுங்கள். அடியில் குஞ்சு மட்டும் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும், தாய் வெளியே சுற்றிச் சுற்றி வரும்.

அரைத்ததை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். உங்கள் 20 பெட்டைக்கு நாளுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ, 25 கிலோ சரியாக இருக்கும். அப்புறம், பழைய கலவையை ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு வாரம் பாதிப் பாதியாகக் கலந்து மாற்றுங்கள்.