விலை எழுத்தாக மாறியபோது: தரவுத்தளங்களுடன் எங்கள் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு (கோவை, பில்லிங் மென்பொருள் எழுதுபவர்)

எங்கள் சிறு குழு துணிக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை எழுதிவருகிறது. தொடங்கியபோது, தரவை ஆவணங்களாகச் சேமிக்கும் மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு பில்லையும் அதிலுள்ள பொருள்களையும் ஒரே ஆவணமாக எழுதிவிடலாம் என்பதும், அட்டவணைகளை முன்கூட்டியே வகுக்க வேண்டியதில்லை என்பதும், கடைக்காரர் மாதந்தோறும் புதிய விவரம் ஒன்றைக் கேட்டாலும் அன்றே சேர்த்துவிடலாம் என்பதும் அப்போது எங்களுக்குப் பெரிய வசதிகளாகத் தோன்றின.

ஒரு மார்ச் மாத இறுதியில் ஒரு கடையின் கணக்கர் தொலைபேசியில் அழைத்து, பில்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும் மொத்த விற்பனைத் தொகை தம் பேரேட்டைவிடக் குறைவாக வருவதாகச் சொன்னார். இரண்டு நாள் தேடிய பிறகே காரணம் அகப்பட்டது. பொருள் பட்டியலை எக்செல் கோப்பிலிருந்து ஏற்றும் வசதியை எங்களில் ஒருவர் சேர்த்திருந்தார். அவ்வழியே வந்த விலைகள் எண்களாக அல்லாமல் எழுத்துச் சரங்களாகப் பதிவாகியிருந்தன. திரையில் இரண்டும் 450 என்றே தெரியும். ஆனால் மாங்கோடிபியின் கூட்டல் செயல்பாடு, எண் அல்லாத மதிப்பைக் கண்டால் பிழை என்று நின்றுவிடாமல், அதை ஓசையின்றி ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் கூட்டித் தந்துவிடும்.

அதே விலைக்கு, தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸில் எண் வகை நெடுவரிசை ஒன்றை அறிவித்திருந்தால், "450" என்ற சரம் எண்ணாக மாற்றப்பட்டே உள்ளே சென்றிருக்கும். காற்புள்ளியோடு வந்த "1,250" வாசலிலேயே மறுக்கப்பட்டு, ஏற்றியவருக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கும். ஸ்கீமா, அதாவது தரவின் வடிவத்தை வகுக்கும் விதிகள், இல்லாத தரவுத்தளம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் ஸ்கீமா இருந்தது. எங்கள் நிரலின் பத்து மூலைகளில், ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கிடந்தது. ஆவணத்தின் வடிவத்தைச் சரிபார்க்கும் ஜேசான் ஸ்கீமா விதிகளை மாங்கோடிபி 2017இல் வந்த 3.6 பதிப்பிலிருந்தே ஏற்கிறது. எழுதாமல் விட்டது எங்கள் பிழை.

உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு முழுவதுமாக மாறிவிடலாமா என்று யோசிக்கிறோம். இரண்டையும் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (சென்னை, இணைய வணிகத் துறை)

மாறுவதற்கு முன் மறுபக்கத்தில் நான் பட்ட பாட்டையும் கேளுங்கள். நாங்கள் மைஎஸ்க்யூஎல் என்ற உறவுமுறைத் தரவுத்தளத்தை வைத்து ஒரு பொருள் விவரப் பட்டியல் கட்டினோம். சேலைக்குச் சரிகையின் வகையும் முந்தானை நீளமும் வேண்டும். கைப்பேசிக்கு நினைவகம் வேண்டும். குக்கருக்கு லிட்டர் வேண்டும். எல்லாவற்றுக்கும் நெடுவரிசை வைத்தால் அட்டவணையில் பாதிக்குமேல் காலியாகக் கிடக்கும் என்று அஞ்சி, பொருள் எண், பண்பின் பெயர், பண்பின் மதிப்பு என்று மூன்றே நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணையில் அனைத்தையும் கொட்டினோம். அதன் பிறகு "சிவப்பு நிறம், பருத்தி, ஆயிரத்துக்குக் கீழ், கைத்தறி" என்று ஒருவர் தேடினால், அதே அட்டவணையை அதனுடனேயே நான்கு முறை ஜாயின் செய்ய, அதாவது இணைத்துப் பார்க்க, வேண்டியிருந்தது. மதிப்பு நெடுவரிசை எல்லா வகைகளையும் ஏற்கவேண்டியிருந்ததால் அதையும் எழுத்து வகையாகவே வைத்தோம். ஆகவே உங்கள் கணக்கில் விழுந்த அதே துண்டு, உறவுமுறைத் தரவுத்தளத்துக்குள்ளேயே எங்களுக்கும் விழுந்தது. கருவி தரும் பாதுகாப்பைப் பயன்படுத்தாத வடிவமைப்பை எந்த நிறுவனத்தின் தரவுத்தளமும் காப்பாற்றாது.

பிறகு போஸ்ட்கிரெஸுக்குச் சென்றோம். 2014இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து அதில், பண்புகளைப் பெயரும் மதிப்புமாக ஒரே நெடுவரிசையில் வைக்கும் ஜேசான்பி என்ற வகை இருக்கிறது. விலை, இருப்பு, வரி விகிதம் ஆகியவை கண்டிப்பான நெடுவரிசைகளாகவும், பொருளுக்குப் பொருள் மாறும் பண்புகள் மட்டும் ஜேசான்பியாகவும் இருக்கின்றன. அதன்மீது, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸும் போட முடிகிறது.

மறுமொழி (மதுரை, தணிக்கை அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்பவர்)

ஒரே ஒரு குறிப்பு. ஒரு தகவலை ஓர் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று படித்ததை நம்பி, நான் பில்லில் வாடிக்கையாளரின் எண்ணை மட்டும் வைத்து, முகவரியை வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஒருவர் வீடு மாறியதும் அவருடைய பழைய பில்கள் அனைத்தும் புதிய முகவரியோடு அச்சாகின. பில் என்பது விற்ற நாளின் சாட்சி. அதில் அன்றைய முகவரியும் அன்றைய விலையும் நகலாக இருப்பதே சரி. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஆவண வடிவம் தானாகவே சரியாக அமைந்திருக்கிறது. மாற்றும்போது அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

மறுமொழி (பெங்களூரு, வாகனக் கண்காணிப்புத் துறை)

வேறொரு வகையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வேலையில் ஒவ்வொரு வண்டியும் சில விநாடிகளுக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை அனுப்பும். எழுதும் வேகத்துக்காகக் கசாண்ட்ரா என்ற, உறவுமுறை அல்லாத தரவுத்தளத்தை எடுத்தோம்; பதிவுகளைப் பிரித்து வைக்கும் பகிர்வுச் சாவியாக வண்டி எண்ணையும், அவற்றை அடுக்கும் வரிசைச் சாவியாக நேரத்தையும் வைத்தோம். "இந்த வண்டி நேற்று எங்கே சென்றது" என்ற கேள்விக்குப் பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. ஒரு நாள் மேலாளர், "நேற்று மாலை ஐந்து மணிக்கு இந்தச் சுங்கச்சாவடியின் அருகில் இருந்த வண்டிகள் எவை" என்று கேட்டார். தரவு முழுவதும் எங்களிடம் இருந்தது. வண்டி எண்ணைச் சொல்லாமல் கேட்க வழிதான் இல்லை. அந்த ஒரு கேள்விக்காக, இடத்தையும் நேரத்தையும் சாவியாகக் கொண்ட இரண்டாவது அட்டவணையை உருவாக்கி, ஒவ்வொரு பதிவையும் இருமுறை எழுதத் தொடங்கினோம்.

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் உறவுமுறை மாதிரியை முன்வைத்தபோது அவர் வலியுறுத்தியது இதைத்தான்: தரவு இயந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது பயன்படுத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கக் கூடாது. அதற்கு முன் புழங்கிய, தரவை மரம்போல் அடுக்கும் ஐஎம்எஸ் என்ற தரவுத்தளம், அப்போலோ திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலைக் கையாள உருவானது. அதில் கிளையை அடைய வேண்டுமானால் வேரிலிருந்து வழி தெரிந்திருக்க வேண்டும். ஆகவே உறவுமுறை அல்லாதவை புதியவை என்ற எண்ணமே எனக்கு விந்தையாகப் படுகிறது. உறவுமுறை அல்லாதவற்றுக்கு இன்று வழங்கும் நோஎஸ்க்யூஎல் என்ற பெயரையே 1998இல் முதலில் சூடியது ஓர் உறவுமுறைத் தரவுத்தளம்தான் என்பது இன்னும் பெரிய வேடிக்கை.

அழிப்பதிலும் அடிபட்டோம். கசாண்ட்ராவில் ஒரு பதிவை அழித்தால் அது உடனே போகாது. அழிந்ததற்கான நடுகல் ஒன்று எழுதப்பட்டு, இயல்பு அமைப்பில் குறைந்தது பத்து நாள் இருக்கும். தினமும் பழைய பதிவுகளை அழித்துவந்த எங்களுக்கு, ஒரு வாசிப்பில் ஒரு லட்சம் நடுகற்களைத் தாண்டியதும் வினவலே நிராகரிக்கப்பட்டது. பிறகு, பதிவு எழுதும்போதே அதன் ஆயுளைக் குறித்துவிட்டு, நாள்வாரியாகப் பகிர்வுகளைப் பிரித்தோம். இவ்வளவுக்குப் பிறகும் இருப்பிடப் பதிவுகளை நாங்கள் கசாண்ட்ராவில்தான் வைத்திருக்கிறோம். ஓட்டுநர் சம்பளக் கணக்கை ஒருநாளும் அங்கே கொண்டுபோக மாட்டோம்.

தொடக்கப் பதிவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. பில், ரசீது, இருப்பு ஆகியவற்றைப் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றி, பொருளின் பண்புகளைச் சென்னை நண்பர் சொன்னபடி ஜேசான்பியாக வைத்தோம். முகவரியைப் பில்லிலேயே நகலாக விட்டுவிட்டோம்.

மாற்றும்போது எதிர்பாராத ஒன்று நடந்தது. பில் அட்டவணையை வாடிக்கையாளர் அட்டவணையோடு ஃபாரின் கீ (ஒவ்வொரு பில்லும் அட்டவணையில் உள்ள வாடிக்கையாளரையே சுட்ட வேண்டும் என்ற விதி) கொண்டு பிணைத்ததும் ஏற்றம் பாதியில் நின்றது. என்றோ நீக்கப்பட்ட வாடிக்கையாளர்களைச் சுட்டும் பில்கள் எங்களிடம் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. கடைக்காரருடன் உட்கார்ந்து, முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வைத்துப் பெரும்பாலானவற்றுக்கு உரியவரைக் கண்டுபிடித்தோம். எஞ்சிய பதினொரு பில்கள், "பெயர் அறியாதவர்" என்று நாங்கள் புதிதாகச் சேர்த்த ஒரு வாடிக்கையாளரின் பெயரில் இன்றும் இருக்கின்றன.